கிரிக்கிலிருந்து ஜெலிக்கு

பிரிக்பீல்ட்ஸ்
7 ஜூன் 2023, புதன்

டொரத்தி,

சாண்ட்ராவின் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. பதிவு இலாகாவின் கடிதம் நேற்றுப் பிற்பகல் என் தபால்பெட்டியில் கிடந்தது. மே 31 தேதியிட்டது. மலாயில் நான்கு வரிகள். காரணம் சொல்லப்படவில்லை. வேறு யாருடைய கோப்போ மாறி வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் இன்று காலை நேரில் போய்க் கேட்டேன். முகப்பில் இருந்த பெண் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அவள் பெயர், அவள் படம். கடிதம் சரியானதுதான்.

இதைக் கைப்பேசியில் அனுப்பாமல் உன் பாலர் பள்ளி முகவரிக்கு எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். ஐசி என்ற அடையாள அட்டை இல்லாதவள் பெயரில் சிம் அட்டை தரமாட்டார்கள் என்பதால் அவளுடைய எண்ணும் உன் பெயரில்தான் இருக்கிறது. அதற்குப் பணம் ஏற்ற உன் கைப்பேசியை அவள் எடுத்துப் பார்ப்பாள். பேசலாம் என்றால், நாம் இருவரும் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. நீ கிள்ளானுக்குப் போன இந்த ஐந்து வருடத்தில் அது மாறவில்லை.

சனிக்கிழமை புது வண்டி வந்தது. மைவி, அவள் கேட்ட நீல நிறம். அன்றே ரயிலேறி வந்து அதில் ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டில் நாம் மூவரும் போக வேண்டிய வழியை எனக்கு விளக்கினாள். கிள்ளானிலிருந்து குவாலா கங்சார், அங்கிருந்து கிரிக், மலைத்தொடரைக் கடந்து ஜெலி, பிறகு பாச்சோக் கடற்கரையில் சூரிய உதயம், கடலோரமாகவே குவாந்தான், காராக் வழியாக வீடு. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் சாலையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினாள். காலையில் போனால் மேகத்துக்கு மேலே வண்டி ஓடுமாம். போர்ட்டிக்சனைத் தாண்டி எங்கும் போகாத பெண் இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 19 அவளுக்கு இருபத்தொன்று. இந்தப் பிரிவில் விண்ணப்பிக்க அதுவரைதான் வயது. மறுபடி முயல்வதானால் அதற்குள் செய்ய வேண்டும். எனவே இதை அவளிடம் சொல்ல வேண்டும். இந்த வாரமே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். யார் சொல்வது என்று மட்டும் நீ முடிவு செய்.

கிரிகரி

*

கிள்ளான்
11 ஜூன், ஞாயிறு

சாண்ட்ரா அப்பாவுக்கு,

யாரும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தைப் பாலர் பள்ளிக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். வெளியே வந்து பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்தால், அவள் கூடத்துச் சுவரில் நாலு தாளை ஒட்டி அந்தச் சாலையை வரைந்து வைத்திருக்கிறாள். ஏரிக்கு நீலம், மலைக்குப் பச்சை, யானை குறுக்கே வரும் என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்கு ஒரு யானை. யானை பன்றிபோல இருக்கிறது என்றேன். "அம்மா, அது பக்கத்துல பாக்குற யானை இல்ல, தூரத்துல பாக்குற யானை" என்றாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். விண்ணப்பம் கொடுத்தபோது தந்த அந்த ரசீது, "பரிசீலனையில் உள்ளது" என்று போட்டிருக்குமே, அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறாள். கிள்ளான் பாசார் பக்கம் போலீஸ் நின்றால் அதைத்தான் காட்டுகிறாள். இதுவரை விட்டிருக்கிறார்கள். ஐசி கிடைத்ததும் முதலில் லைசென்ஸ் எடுப்பாளாம். அந்த மலையில் இறக்கத்தில் நீங்கள் ஓட்ட வேண்டுமாம், ஏற்றத்தில் அவள் ஓட்டுவாளாம். ஏனென்றால் "அப்பா ஏத்தத்துல ஓட்டுனா லோரிக்காரன்கூட இறங்கி வந்து தள்ளி விட்டுட்டுப் போவான் லா."

இவளிடம் போய்ச் சொல்லச் சொல்கிறீர்கள்.

நீங்கள் உண்மை சொன்னது போதும். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனோம். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பெற்றவள் பெயர்கூடச் சொல்லாமல் விட்டுப்போன குழந்தை, நம் பெயரில் பதிந்து நம் பிள்ளையாகத்தான் இருந்தாள். முகப்பில் இருந்தவர் குனிந்த தலை நிமிராமல், "உங்க மகள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. "வளர்ப்பு மகள்" என்றீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று பிறப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். புதிதாகத் தந்ததில் "குடிமகன் அல்லாதவர்" என்று இருந்தது. அதற்குப் பிறகு உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட என்னால் முடியவில்லை.

பயணம் முடியட்டும். அவள் ஒரு தடவை அந்த மேகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். அதுவரை அவளுக்குத் தெரியக்கூடாது.

நீங்கள் நிருபராக இருந்தவர்தானே. அந்தச் சாலையில் எங்கெங்கே போலீஸ் நிற்கிறது, எந்த விடுதியில் ஐசி கேட்காமல் அறை தருகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அது உபயோகமாக இருக்கும்.

டொரத்தி

*

பிரிக்பீல்ட்ஸ்
26 ஜூன், திங்கள்

டொரத்தி,

சாலை முழுவதையும் நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நேற்று மாலை திரும்பினேன். கீழே எழுதுவது எல்லாம் நானே பார்த்தது. கேள்விப்பட்டதை மட்டும் யார் சொன்னது என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

குவாலா கங்சார் வரை தொல்லை இல்லை. கிரிக் ஊருக்குள் சலாவுதீன் என்பவர் உணவகம் நடத்துகிறார். பூர்வீகம் கடையநல்லூர். தமிழ் கேட்டதும் என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு விஷயத்தை மறைத்துப் பேச வரவில்லை. மகளுக்கு ஐசி இல்லை என்று சொன்னேன். "அதுக்கென்ன அண்ணே. ஓட்டல்ல கேப்பான், என் வீட்டுல யாரு கேக்கப் போறா? மாடியில ரெண்டு ரூம் இருக்கு. சுலைகா சோறு போடுவா" என்றார். சுலைகா அவர் மனைவி. இடியாப்பம் கட்டிக் கொடுத்தார். எனவே கிரிக்கில் ஓர் இரவு தங்கலாம்.

கிரிக்கைத் தாண்டியதும் காடு. பாலத்தின் மேல் நின்றால் இருபக்கமும் ஏரி. தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்கின்றன. மலையுச்சிக்கு நான் போனபோது காலை எட்டு இருக்கும். அவள் சொன்னது சரி. மேகம் சாலைக்குக் கீழே இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, அவளுக்குக் காட்டப் படம் எடுத்தேன். பிறகு அழித்துவிட்டேன். முதலில் அவளே பார்க்கட்டும் என்று.

சாலைத் தடுப்பு ஒன்று இருக்கிறது. தாய்லாந்து எல்லைப் பக்கம் என்பதால் எப்போதும் இருக்கும் என்று சலாவுதீன் சொன்னார். போகும்போது என்னைக் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. வெள்ளைத்தலை ஆள் தனியாகப் போனால் யாரும் நிறுத்தமாட்டார்கள். மூன்று பேர் போனால் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். திரும்பி வரும்போது நானே வண்டியை நிறுத்தி, அங்கு நின்ற இளம் போலீஸ்காரரிடம் கேட்டேன். மலாயில் பேசினோம்.

"வண்டியில் இருக்கிற ஒருத்தருக்கு ஐசி இல்லைன்னா என்ன செய்வீங்க?"

"யாருக்கு இல்லை, பெரியவரே?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா யாரும் இங்க வண்டிய நிறுத்தி இதைக் கேக்க மாட்டாங்களே" என்று சிரித்தார். மரியாதையாகவே பேசினார். ஆவணம் இல்லாதவர்களை நிலையத்துக்கு அழைத்துப்போய் விசாரிப்பார்கள், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகத் தாள் இருந்தால் அலுவலகத்தை அழைத்துச் சரிபார்த்துவிட்டு அனுப்புவார்கள் என்றார். பிறகு முன்பக்கம் போய் என் வண்டி எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றார்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அவளிடம் இருக்கும் ரசீது மே 31க்குப் பிறகு செல்லாது. அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். அந்தச் சாலையில் அவளைக் கூட்டிப்போக முடியாது.

வழக்கறிஞர் வேலாயுதத்தையும் பார்த்தேன். வழக்குப் போடலாம், அவளுடைய பிறந்தநாளுக்கு முன் பதிவாக வேண்டும், அவள் கையெழுத்திட்ட சத்தியப் பத்திரம் தேவை என்கிறார். சொல்லாமல் கையெழுத்து வாங்க முடியாது.

கிரிகரி

*

கிள்ளான்
30 ஜூன், வெள்ளி

சாண்ட்ரா அப்பாவுக்கு,

ஊரில் எத்தனையோ பேர் ஐசி இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் வாழ்கிறார்கள். போலீஸ்காரனிடம் போய் வண்டியை நிறுத்தி, எங்களைப் பிடிப்பாயா என்று கேட்டுவிட்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

விசாரித்து எழுதுங்கள் என்று சொன்னது என் தப்பு. நீங்கள் எப்படி விசாரிப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், மருத்துவர் மலைப்பக்கம் ஓட்டக்கூடாது என்கிறார் என்று சொன்னேன். அவள் அழவில்லை. சுவரில் இருந்த தாள்களைக் கழற்றவும் இல்லை. "அப்பாவுக்கு நிஜமாவே ரொம்ப முடியலையா?" என்றுதான் கேட்டாள். கொஞ்சம் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பதில் ஏதாவது வந்துச்சாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் உங்களிடம் வந்து கேட்பாள். என்னை நம்பாமல் இல்லை, இரண்டு பேரிடம் கேட்பது அவள் வழக்கம். உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. வழக்கு, கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். கொஞ்சநாள் கொடுங்கள். பயணமும் போய், பதிலும் போய், இரண்டையும் ஒரே வாரத்தில் அவள் தாங்கமாட்டாள். அவள் கேட்கும்போது ஒரே ஒரு முறை, ஒரு வார்த்தை, எனக்காக, "இல்லை" என்று சொல்லுங்கள்.

டொரத்தி

*

பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூலை, புதன்

டொரத்தி,

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தாள். கூடவே தோழி பெர்னிஸ். உங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடும், செமினியிலிருந்து வந்து கிள்ளானில் தாதியாக வேலை செய்யும் பெண். முதலில் என் கையைப் பிடித்து நாடி பார்க்கச் சொல்லி பெர்னிஸை ஏவினாள். பெர்னிஸ், "அங்கிள், உங்க நாடி எங்க அப்பாவோடதைவிட நல்லாருக்கு" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கு இந்த வேலை வராது.

பிறகு மூவரும் வண்டியில் சாலாக் செலாத்தான் வரை ஒரு சுற்று போய் வந்தோம். இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. "இதைக் கழட்டுங்கப்பா, பொட்டலத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். வழியெல்லாம் கிரிக் பற்றிக் கேட்டாள். நான் போய்வந்ததை மறைக்க முடியவில்லை. அலுவலாகப் போனேன் என்று சொல்லி, சலாவுதீன் கடை இடியாப்பத்தையும் ஏரியையும் விவரித்தேன். போலீஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேகம் கீழே இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

இறங்கும்போது கேட்டாள். "அப்பா, பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லை."

"சரி. ரசீது செல்லும்தானே?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் சொல்லத்தான் தயாராக இருந்தேன். செல்லும் என்றேன்.

முப்பத்தெட்டு வருடம் செய்தி எழுதினேன். தெரிந்தே ஒரு தவறான வரியை எழுதியதில்லை. அன்று நான் சொன்ன இரண்டையும் அவள் உடனே நம்பினாள். அம்மாவிடம் கேட்டதைவிட அதிகமாக நம்பினாள் என்று எனக்குத் தோன்றியது.

22ஆம் தேதி பெர்னிஸ் ஓட்ட, மோரிப் கடற்கரை வரை போய்வர வண்டி கேட்டாள். கொடுத்துவிட்டேன். அவள் அன்று எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வேலாயுதம் இம்மாத இறுதிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்.

கிரிகரி

*

கிள்ளான்
16 ஜூலை, ஞாயிறு

சாண்ட்ரா அப்பாவுக்கு,

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். எட்டு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை என்று நினைத்தேன். பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போகிறது. நீங்கள் அப்படி எழுதுகிறவர் இல்லை.

மோரிப்புக்குப் போகட்டும். அந்தப் பக்கம் யாரும் நிறுத்துவதில்லை. பெர்னிஸ் நிதானமான பெண்.

இப்படி வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை அவர்கள் கடலுக்குப் போய் வரட்டும். மறுநாள், 23ஆம் தேதி, பூசை முடிந்ததும் நீங்கள் இங்கே வாருங்கள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்ட பிறகு நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அந்தச் சத்தியப் பத்திரத்தையும் கொண்டு வாருங்கள்.

நண்டு வாங்கட்டுமா? இன்னும் சாப்பிடுகிறீர்களா, இல்லை நிஜமாகவே மருத்துவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

டொரத்தி

*

பிரிக்பீல்ட்ஸ்
31 ஜூலை, திங்கள்

டொரத்தி,

சாண்ட்ரா வெள்ளிக்கிழமை மாலை விடுவிக்கப்பட்டாள். பிறப்புப் பத்திரத்தையும் தத்தெடுப்பு ஆணையையும் மாஜிஸ்திரேட் பார்த்தார். என் பிணையில் விட்டார். விசாரணைக் கோப்பு மூடப்படவில்லை. இதை வேலாயுதம் உன்னிடம் சொல்லியிருப்பார். என் அழைப்புகளை நீ எடுப்பதில்லை. கிரிக்கில் அந்த ஆறு நாளும் நிலையத்து வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் நீ என்னிடம் பேசவில்லை. என்ன நடந்தது என்று நான் சேகரித்ததை எழுதிவிடுகிறேன். நீ படிக்காமல் வைத்துக்கொண்டாலும் சரி.

அவர்கள் மோரிப்புக்குப் போகவில்லை. பந்திங் திருப்பத்தில் சாண்ட்ரா வடக்கே போகச் சொன்னாளாம். பெர்னிஸ் தயங்கினாள். ரசீது இருக்கிறது, செல்லும் என்று அப்பா சொன்னார் என்றாளாம். பெர்னிஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னீங்கன்னு சொன்னா, அங்கிள். அதுக்கு அப்புறம் நான் என்ன கேக்குறது?"

மதியம் சலாவுதீன் கடையில் சாப்பிட்டார்கள். அவர் பேர் சொல்லி விசாரித்து வந்ததால் காசு வாங்கவில்லையாம். காலையில்தான் மேகம் இருக்கும், மாடியில் தங்கிவிட்டு விடிந்ததும் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வீட்டில் விருந்து இருக்கிறது, அப்பா சாப்பிட வருகிறார், நான் இருக்க வேண்டும் என்று சாண்ட்ரா மறுத்துவிட்டாள். ஏரியையாவது பார்த்துத் திரும்பலாம் என்று கிளம்பினார்கள்.

தடுப்பில் நிறுத்தினார்கள். ரசீதை அவளே எடுத்துக் கொடுத்தாள். பயப்படவில்லை, சிரித்துக்கொண்டு கொடுத்தாள் என்கிறாள் பெர்னிஸ். அலுவலர் எண்ணைச் சொல்லிக் கைப்பேசியில் கேட்டார். திரும்பி வந்து, இது மே மாதமே நிராகரிக்கப்பட்டுவிட்டதே, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். அவர் கத்தவில்லை, கடுமையாக எதுவும் பேசவில்லை. ஒருவேளை உங்கள் வீட்டுக்கு இன்னும் கடிதம் வரவில்லையோ என்றுகூடச் சொன்னாராம். அவள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் என்னை அழைத்தவர் சலாவுதீன். அன்றும் மறுநாளும் நிலையத்துக்குச் சோறு கொண்டுபோனவர் சுலைகா.

அந்த வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்பது உறுதியாகவில்லை. அன்று எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள் என்கிறார் ஒரு காவலர். ஜூனில் என் வண்டி எண்ணைப் படமெடுத்தவர் அன்று பணியில் இருந்தாரா என்று கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. மறுபடி கேட்கவில்லை.

கிரிகரி

*

கிள்ளான்
13 ஆகஸ்ட், ஞாயிறு

சாண்ட்ரா அப்பாவுக்கு,

அவள் செமினியில் பெர்னிஸ் வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்கு வரமாட்டாளாம். நேற்று இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். பெர்னிஸின் அம்மா உள்ளே வரச் சொன்னார். சாண்ட்ரா வெளியே வந்து இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். மெலிந்திருக்கிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். ஆறு நாளில் பேன் விழுந்துவிட்டதாம்.

அவள் துணிகளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நான் பேச ஆரம்பித்தேன். உன் நல்லதுக்காகத்தான் என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தை ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீயும் அப்பாவும் இத்தனை வருஷத்துல ஒண்ணா சேர்ந்து செஞ்ச ஒரே விஷயம் இதுதாம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கிரிக்கில் உங்களோடு பேசாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. வாயைத் திறந்தால் உங்களைத் திட்டுவேன் என்று இருந்தேன். திட்டுவதற்கு எதைத் தேடினாலும் அதில் என் கையும் இருந்தது. பொய் சொல்லச் சொன்னது நான். உண்மை சொன்னபோதும் உங்களை விட்டுப் போனேன், பொய் சொன்னபோதும் உங்களோடு பேசவில்லை. உங்களுக்கு எந்தப் பக்கம்தான் வழி விட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சுவரில் தாள்கள் இன்னும் இருக்கின்றன. கழற்ற எனக்குக் கை வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

சத்தியப் பத்திரத்தை நான் கொண்டுபோகவில்லை. கதவின் இந்தப் பக்கம் நின்று அதை எப்படி நீட்டுவது? அதை நீங்கள் செய்யுங்கள். உண்மையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். அது உங்களுக்கு வரும்.

டொரத்தி

*

பிரிக்பீல்ட்ஸ்
6 செப்டம்பர், புதன்

டொரத்தி,

சாண்ட்ரா இன்னும் கையெழுத்திடவில்லை. இன்று காலை வேலாயுதம் அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை செமினிக்குப் போனேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். என்னை உள்ளே வரச் சொன்னாள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கடிதம் எந்த நாள் வந்தது, நான் யாரிடம் சரிபார்த்தேன், நாம் என்ன எழுதிக்கொண்டோம், அவள் கேட்டபோது நான் ஏன் அப்படிச் சொன்னேன். உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. போலீஸ்காரரிடம் நான் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். "உங்களால மட்டும்தான்ப்பா முடியும்" என்றாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

பத்திரத்தைப் படித்துக்காட்டச் சொன்னாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். நான் கிரிகரி, டொரத்தி ஆகியோரால் பிறந்த நாள் முதல் வளர்க்கப்பட்டவள், வேறு பெற்றோரையோ வேறு நாட்டையோ அறியாதவள் என்ற பத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். தாளை வாங்கித் தானே படித்தாள்.

"நிலையத்துல இதே கேள்வியத்தான் கேட்டாங்க. எந்த நாடுன்னு. இதான் சொன்னேன். எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க" என்றாள். பிறகு, "கையெழுத்துப் போட்டா மட்டும்? திரும்ப நாலு வருஷம் ரசீதோட நிக்கணும். அப்புறம் நாலு வரியில லெட்டர் வரும். நீங்க ரெண்டு பேரும் மறுபடி யோசிப்பீங்க, இவகிட்ட எப்பச் சொல்றதுன்னு."

வெற்றி கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலாயுதமே பாதிக்குப் பாதி என்கிறார். அதையே சொன்னேன். சொல்லாவிட்டால் அவள் கையெழுத்திட்டிருப்பாளோ என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை.

பத்திரத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். தானே முடிவு செய்வதாகவும், அதுவரை இருவரும் வரவேண்டாம் என்றும் சொன்னாள். வண்டியைப் பற்றிக் கேட்டேன். விற்றுவிடுங்கள் என்றாள்.

நிலுவையில் இருப்பது அவள் கையெழுத்து. 16ஆம் தேதி மலேசிய தினம், சனிக்கிழமை, அலுவலகங்கள் இல்லை. மறுநாள் ஞாயிறு. பிறந்தநாளுக்கு முன் மிஞ்சும் திங்கள் ஒரு நாளை நம்ப முடியாது. எனவே வெள்ளிக்கிழமை, 15ஆம் தேதி, நீதிமன்ற முகப்பு மூடுவதற்குள் பத்திரம் கையில் இருக்க வேண்டும் என்கிறார் வேலாயுதம். அன்று காலை முதல் நான் அவர் அலுவலகத்தில் இருப்பேன். சாண்ட்ரா வந்தாலும் வராவிட்டாலும் மாலை ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும்.

அதை நான் எழுதி அனுப்பமாட்டேன். அழைப்பேன். எடு.

கிரிகரி